கடல் பறித்ததற்குப் பிறகு: பேசக்கூடியவர்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். உளவியல் முதுகலை ஆய்வுக்காக பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீனவர்களிடம் பேசி வருகிறேன். இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவர்கள், படகைப் பறிகொடுத்தவர்கள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீடும் உறவும் இழந்த பெரியவர்கள். இப்படி ஓர் அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவர் தன்னை யாராகப் பார்க்கிறார் என்பதுதான் என் கேள்வி.

தூக்கமின்மை, கெட்ட கனவு இவற்றைவிட, "இனி நான் எதுக்கும் ஆக மாட்டேன்" என்ற நினைப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாடும், நீண்டகால மனக்காயத்தின் அடையாளங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறது. ஆனால் சம்மாட்டியாக, அதாவது சொந்தப் படகு வைத்திருந்த முதலாளியாக, இருந்தவர் படகு போனபின் கூலிக்குப் போகும்போது, மனக்காயம் எது, கடன் சுமை எது? பிரிக்கவே கூடாதோ என்றும் தோன்றுகிறது. இதில் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணவர் சிறையில் இருந்தபோது கடற்பாசி எடுத்துக் குடும்பத்தை நடத்திய அக்காக்களிடமும் பேச வேண்டும். அவர்கள் ஒரு பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள், கூட வரக்கூடிய தோழி யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், பேசும்போது யாராவது உடைந்துபோனால் எங்கே நிறுத்துவது? அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மனஸின் எண் 14416 கையில் வைத்திருக்கிறேன். அது போதாது, ராமநாதபுரம் பக்கம் நேரில் பார்க்கக்கூடிய மனநல ஆலோசகர் இருந்தால் தெரிவியுங்கள்.

தெரிந்தவர்களிடம் முதலில் சம்மதம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பெயர், ஊர் எதையும் வெளியிட மாட்டேன்.