ஜெர்மனிச் சுற்றுலாவில் உடல்நலம் குன்றினால் யாரை அணுகுவது?

கயல்விழி:
வணக்கம். சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள என் தந்தையை ஜெர்மனிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். ஷெங்கன் விசாவுக்குத் தேவையான 30,000 யூரோ பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டோம். அங்கே காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக மருத்துவமனைக்குச் செல்லலாமா? மாத்திரைகள் தொலைந்துபோனால், நம் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி அங்கே வாங்க முடியுமா?

இளம்பரிதி:
காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் வழி வேறு, அம்மா. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று வாய் குழறுதல் என்றால் உடனே 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னர் கட்டணம் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்து ஒரு நிமிடம்கூடத் தயங்காதீர்கள். கைப்பேசியில் சிம் அட்டை இருக்க வேண்டும், ஏனெனில் சிம் இல்லாத கைப்பேசியிலிருந்து வரும் 112 அழைப்பை ஜெர்மனி 2009 முதல் ஏற்பதில்லை.

காய்ச்சல் போன்றவற்றுக்குப் பகலில் அருகிலுள்ள பொது மருத்துவரின் கிளினிக்கே போதும். இரவிலும் வார இறுதியிலும் கிளினிக்குகள் மூடியிருக்கும்போது, 116117 என்ற எண்ணில் அழைத்தால் அப்போது பணியில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்புவார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி அல்லாமல் நோயின் தீவிரத்தைப் பார்த்தே அழைப்பார்கள் என்பதால், சாதாரணக் காய்ச்சலோடு செல்பவர் பல மணி நேரம் காத்திருக்க நேரும்.

தேன்மொழி (ஜெர்மனியில் வசிப்பவள்):
மாத்திரை பற்றிச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எழுதப்பட்ட சீட்டுக்குப் பொதுவாக இங்குள்ள மருந்துக் கடைகளில் மருந்து தரமாட்டார்கள். இங்குள்ள மருத்துவர் ஒருவரைப் பார்த்துப் புதிய சீட்டு வாங்க வேண்டும். அதனால் பயணம் முழுவதற்கும் போதுமான மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், குறிப்பாக இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். அங்கே அது உறைந்துவிடக்கூடும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதம் மிகவும் உதவும்.

பாராசிட்டமாலைக்கூட சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். சிவப்பு நிற 'ஏ' எழுத்து மாட்டியுள்ள 'அப்போதேகே' எனப்படும் மருந்துக் கடையில்தான் அது கிடைக்கும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருந்தாலும், முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும். அது எங்கே என்ற விவரம் மற்றக் கடைகளின் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே 2.50 யூரோ கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

கயல்விழி:
மிக்க நன்றி. கிளினிக்கில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதுமா?

இளம்பரிதி:
பெரும்பாலும் போதாது. தனிக்கட்டண நோயாளியாகப் பதிவு செய்து, நீங்களே பணம் செலுத்தி, நோயின் பெயர் குறிப்பிடப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பின்னர் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தால் மட்டும், நிறுவனத்தின் உதவி எண்ணை இயன்றவரை முன்பே அழைத்துவிடுங்கள். அவர்களே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்த ஏற்பாடு செய்யக்கூடும். இன்னொன்றையும் புறப்படுமுன் பாருங்கள்: முன்பே உள்ள நோய்களைப் பல பயணக் காப்பீடுகள் விலக்கியோ குறைத்தோ வைத்திருக்கின்றன. உங்கள் தந்தைக்கு அந்த ஒரு விதியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அதில் அவருடைய சர்க்கரை நோய்க்கு இடமில்லை என்றால் வேறு காப்பீடு எடுங்கள்.