நீச்சல் குளத்து மோட்டார் அடிக்கடி நின்றுவிடுகிறது, அவசரம்

புதுக்குடித்தனம்:
வணக்கம். குடும்பத்தோடு இப்போதுதான் வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாடகை வீடு, பின்பக்கம் நீச்சல் குளம் உண்டு. அதன் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் ஓடும், மறுபடி விழும். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. தண்ணீர் வேறு பச்சை தட்டுகிறது. நாளைக்குப் பிள்ளைகளின் நண்பர்கள் குளிக்க வருகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய பறவை:
வந்தவுடனே குளம் வைத்த வீடா! நாங்கள் வந்த புதிதில் தரைக்கு அடியில் ஒற்றை அறை. ஹீட்டரைப் போட்டால் அடுப்பு அணையும். எதைப் போட்டால் எது போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். சரி, குளத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா? கேட் தானாகச் சாத்திக்கொள்கிறதா? அதை முதலில் பாருங்கள். பச்சைக்குக் குளோரின் போட்டால் போதும்.

ராத்திரி ஷிப்ட்:
மோட்டார் ஓடாமல் குளோரின் போட்டு என்ன பயன், போட்ட மூலையிலேயே கிடக்கும். தம்பி, வேகம் கூட்டிக் குறைக்கிற மோட்டாராக இருந்தால் சும்மாவே இப்படி விழும். சாதாரண பிரேக்கரை மாற்றிப் போடுங்கள், தொல்லை விட்டது.

கம்பிக்காரர்:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லையே? விழுகிற சுவிட்சில் ‘டெஸ்ட்’ பட்டன் உண்டா? இருந்தால் அது மின்கசிவைப் பார்த்து விழுகிறது. அமெரிக்காவில் ஜி.எஃப்.சி.ஐ. என்ற கசிவு சுவிட்ச் 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும். ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் அதே வேலையைச் செய்யும் ஆர்.சி.டி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். போட்டவுடன் விழுகிறதா, சூடேறிய பிறகா? மழைக்குப் பிறகா? மோட்டாருக்கு அடியில் ஈரம் இருக்கிறதா?

புதுக்குடித்தனம்:
பட்டன் இருக்கிறது அண்ணா. மழையே இல்லை. ஓடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விழுகிறது. மோட்டாரும் பம்பும் சேருகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. சின்னவன் ஏணிக் கம்பியைப் பிடித்தால் கை சுருக்கென்கிறது என்றான், குளிருக்கு இருக்கும்.

பழைய பறவை:
வீட்டுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். வாடகை ஒரு நாள் தள்ளினால் உடனே போன் வரும், நாம் கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கும்.

ராத்திரி ஷிப்ட்:
எலெக்ட்ரீஷியன் மட்டும் என்னவாம்? இரண்டு வாரம் கழித்து வந்து, பார்த்துவிட்டு, இன்னொருவர் வருவார் என்று போவார். ஊரில் வருஷக்கணக்காக வயரிங் பார்த்தவன் நான், இங்கே பல்பு மாட்டக்கூட லைசென்ஸ் கேட்கிறார்கள்.

கம்பிக்காரர்:
புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஏணியில் சுருக்கென்றால் அது குளிர் இல்லை, தம்பி. யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, ஏணியைத் தொட்டுச் சோதிக்கவும் கூடாது. போர்டு குளத்திலிருந்து தள்ளி இருந்தால், காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போகும் எல்லா பிரேக்கரையும் இறக்குங்கள்: மோட்டார், உள்விளக்கு, ஹீட்டர். இனி தூக்கவே வேண்டாம். மின்சாரம் கொடுக்கும் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு இப்போதே பேசி, ‘குளத்து ஏணியில் ஷாக்’ என்று சொல்லுங்கள். தெருவிலிருந்து வரும் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, கெட்டிருந்தாலும் இப்படி வரும். அப்போது உங்கள் பிரேக்கரை இறக்கினாலும் போகாது.

யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் குதிக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, மின்சாரம் கடத்தாத கம்பை நீட்டுங்கள்.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன ஷாஃப்ட் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு. அது வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் போய்க் கசிவு உண்டாகிறது. வருபவர் 500 வோல்ட் மெகர் என்ற கருவியில் இன்சுலேஷன், அதாவது மோட்டாரின் மின்காப்பு, எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் நல்ல மோட்டார் என்று சொல்ல முடியாது. நீங்கள் மூடியைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வீட்டுக்காரருக்குப் போனோடு விடாமல் ஒழுகலைப் படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள்.

புதுக்குடித்தனம்:
எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன், நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். மோட்டார் உடம்பிலிருந்து ஒரு தடித்த செப்புக் கம்பி கழன்று கிடக்கிறது. முறுக்கிவிடலாமா அண்ணா?

கம்பிக்காரர்:
தொடாதீர்கள். ஏணி, மோட்டார், குளத்தின் இரும்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகிற கம்பியாக இருக்கலாம். எட்ட நின்று படம் எடுத்து, வருகிறவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லை, அவசர எண் கிடைத்ததா?