த்ராட்டில் கழுவினதும் ஐடில் ஏறி நிக்குதா? உங்க அனுபவத்தைப் போடுங்க

தாம்வே பட்டறை (ரங்கூன்):
ஜப்பானிலிருந்து வந்த நிசான் ஏடி வேன், மார்ச் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறது. த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குள்ள போற காற்றை ஒரு தட்டால அளந்து விடுற பாகம்) கழுவி மாட்டினதும் ஐடில், அதாவது பெடலைத் தொடாதபோது என்ஜின் ஓடுற வேகம், 1500 ஆர்பிஎம்ல போய் நிக்கும். பார்ட் போச்சுன்னு புதுசு தேட வேண்டாம். தட்டோட விளிம்பில் கரி படியப் படிய காற்று குறையும். அதைச் சரிக்கட்ட ஈசியூ (என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) தட்டைக் கொஞ்சம் கொஞ்சமா கூடத் திறந்து, அந்த அளவை ஞாபகத்தில் வச்சிருக்கும். கரி போயாச்சு, அது இன்னும் பழைய கணக்கிலேயே திறக்குது.

மல்டிமீட்டர் மச்சான்:
அண்ணே சொன்னது சரி. நிசான் ஈசியூவுக்குப் புதுக் கணக்கைக் கத்துக்கொடுக்க மூணு பாடம், வரிசை மாறக்கூடாது.

முதல்ல பெடல். காலை வைக்காம சாவி ஆன் 2 விநாடி, ஆஃப் 10 விநாடி, இன்னொரு தடவை அதே மாதிரி. அடுத்தது தட்டு மூடின நிலை. சாவியை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டு 10 விநாடி பானெட்டுப் பக்கம் காது கொடுங்க, தட்டு அசையுற சத்தம் வரும்.

கடைசியா ஐடில் காற்று. கியர் பி அல்லது என்-ல, ஸ்டியரிங் நேரா, ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப். கூலன்ட் சூடு 70 டிகிரிக்கு மேல. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 12.9 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. என்ஜினை நிறுத்தி 10 விநாடி விடுங்க. சாவி ஆன், 3 விநாடி. 5 விநாடிக்குள்ள பெடலை 5 தடவை முழுசா அழுத்தி விடுங்க. 7 விநாடி சும்மா இருங்க. திரும்ப முழுசா அழுத்திப் பிடிச்சா, சுமார் 20 விநாடியில் மினுக்குற என்ஜின் லைட் அணையாம நிக்கும். நின்ன 3 விநாடிக்குள்ள காலை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, 20 விநாடி ஐடில்ல விடுங்க. மனசுக்குள்ள எண்ணுறது உதவாது, போன்ல ஸ்டாப்வாட்ச் வையுங்க.

பெகு ரோடு:
ஏப்ரல் வெயில்ல ரேடியேட்டர் ஃபேன் ஓயவே ஓயாது, அதுவும் ஏசி மாதிரி கரன்ட் இழுக்கும். விடியற்காலையில் பண்ணுங்க தம்பி.

அப்படியும் பாடம் ஏறலேன்னா எங்கேயோ வெளிக்காற்று உள்ள ஒழுகுதான்னு பாருங்க. வெயில்ல விறைச்சுப்போன பிசிவி ஹோஸ் (என்ஜின் உள்ள சேருற ஆவியை இன்டேக்குக்கே திருப்பி விடுற குழாய்), இன்டேக் கேஸ்கெட் ரெண்டையும் பாருங்க. ஸ்கேனர்ல ஐடில்ல ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) 10 சதவீதத்துக்கு மேல ஏறி, 2500 ஆர்பிஎம்-ல இறங்கினா சந்தேகமே வேண்டாம்.

தாலா வயரிங்:
கழுவும்போது தட்டை விரலால் தள்ளலாமா அண்ணே?

தாம்வே பட்டறை:
சாவி ஆன்ல இருக்கும்போது விரலே விடாதீங்க, மோட்டார் தட்டை இழுத்து நசுக்கிடும். கனெக்டரைக் கழற்றிட்டாலும் பலம் போட்டுத் தள்ளக்கூடாது, உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம். கிளீனரைத் துணியில அடிச்சுத் துடைங்க. கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், தட்டு மேல இருக்கிற பூச்சைத் தின்னுடும்.

மல்டிமீட்டர் மச்சான்:
கேபிள் வச்ச பழைய டொயோட்டா வேற கதை. அதுல ஐடிலைப் பார்க்கிறது தனி வால்வு. அதைக் கழுவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினா போதும். தட்டு எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்ல முக்கியமா பார்க்க வேண்டியது மூணு வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். மூடியிருக்கும்போது சிக்னல் சுமார் அரை வோல்ட், முழுசாத் திறந்தா 4க்கு மேல. தட்டை மெல்லத் திறக்கையில் நடுவுல மீட்டர் முள் விழுந்து எழுந்தா சென்சாருக்குள்ள தடம் தேஞ்சிருக்கு.

பெரிய தொல்லை, ஐடிலை ஏத்தணும்னு தட்டோட ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுறவங்க. மூடின நிலை வோல்டேஜே மாறிடும், கால் பெடல்ல இருக்குன்னு ஈசியூ நினைச்சு ஐடில் கன்ட்ரோலை விட்டுடும். ஸ்க்ரூ தலையில பெயிண்ட் உடைஞ்சிருந்தா வேற எதையும் கழற்றுறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க.