பழைய செங்கல் வீடு வைத்திருப்பவர்களே, சுவர் திருத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. 1930களில் தாத்தா கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. விற்கிறீர்களா என்று மாதம் ஒருவராவது வந்து கேட்பார். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணை மூடும்வரை இந்த வீட்டில்தான் என்று சொல்லிவிட்டார். அதனால் இந்தச் சுவர்களைப் பார்ப்பது என் பொறுப்பாகிவிட்டது.

2016 மே மழைக்குப் பிறகு முன்கூடத்துச் சுவரில் பூச்சு உதிரத் தொடங்கியது. தரையிலிருந்து மூன்றடி வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் பொலபொலவென்று கொட்டும். கொந்தராத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் நான்கடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு மூன்று சீமெந்துக் கலவையில் தண்ணீர் புகாமல் இருக்க மருந்தும் சேர்த்துப் பூசினார். மேலே பளபளப்புப் பெயின்ட். ஒரு வருடம் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது.

அடுத்த வருடம், அப்பா அம்மாவின் கலியாணப் படம் மாட்டியிருக்கும் உயரத்தில், ஐந்தடிக்கும் மேலே, புதிதாக ஓர் ஈரக்கோடு தெரிந்தது. படத்தைக் கழற்றினேன். பின்னட்டை முழுக்கப் பூஞ்சணம். சுவரில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். தேநீரில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி கல்லின் முகம் உள்ளே போனது. சீமெந்து ஈரத்தை நிறுத்தவே இல்லை. அது வெளியே வரும் வழியை அடைத்துவிட்டது, ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறிவிட்டது.

அக்காவின் சிநேகிதி சொல்லி வயதான மேசன் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. வீட்டை இரண்டு தரம் சுற்றி நடந்தார். கதவுச் சாவியால் கல் இடுக்கில் இருந்த சாந்தைச் சுரண்டி உள்ளங்கையில் கொட்டினார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். பிறகு பக்கத்து நடையில் குந்தியிருந்து கேட்டார்: "பிள்ளை, இந்தச் சுவரில ஒரு கறுப்புக் கோடு இருந்திருக்க வேணுமே, எங்க போச்சு?"

நிலத்து ஈரம் ஏறாமல் இருக்க அத்திவாரத்துக்கு மேலே தாரும் மணலுமாக ஒரு படை போட்டிருந்தார்களாம். 1998இல் கார் விடுவதற்காக நாங்கள் அந்த நடையை ஆறு அங்குலம் உயர்த்திக் கொங்கிறீட் போட்டோம். தார்ப்படை அதற்குள் புதைந்து போயிற்று. மழைத் தண்ணீர் கொங்கிறீட்டில் தேங்கி, தார்ப்படைக்கு மேலாகவே சுவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை காலமும் நாங்கள் கடற்காற்றைத்தான் குற்றம் சொன்னோம்.

முதலில் சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கொங்கிறீட்டை உடைத்து, தார்க்கோடு தெரியும்வரை தோண்டி, சல்லி நிரப்பினார். அப்புறம்தான் உள்ளே வந்தார். சீமெந்துப் பூச்சைக் கழற்றியபோது எனக்கு நெஞ்சடைத்துவிட்டது. பூச்சு தனியாக வரவில்லை, செங்கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. "ஐயா, சீமெந்து பலம்தானே?" என்று கேட்டேன். "பலம்தான் பிள்ளை, அதுதான் பிழை. சாந்து கல்லை விடப் பலமா இருந்தா கல்லுத்தான் உடையும். சாந்து மாத்திறது லேசு, கல்லு மாத்திறது கரைச்சல்" என்றார். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தொடங்கிய பிறகு ஊரில் சுண்ணாம்புச் சூளைப் பக்கம் ஆட்கள் போவதே குறைந்துவிட்டது என்றும், அவருடைய தகப்பன் அதற்காகக் கடைசிவரை மனவருத்தப்பட்டார் என்றும் சொன்னார்.

கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அந்த மூன்று மாதமும் சுவர் வெறுங்கல்லாகவே நின்றது. காயக் காய உப்பு வெள்ளையாகப் பூத்தது. அதைக் கழுவக்கூடாது, கழுவினால் கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டித்தான் எடுக்க வேண்டும். அப்பா அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் பால்மா டின் ஒன்று நிறைய வந்தது, மார்ச் கடைசியில் ஒரு கைப்பிடிகூட இல்லை.

முகம் போன கற்களில் பலவற்றை மேசன் எறியவில்லை. மெல்ல வெளியே இழுத்து, திருப்பி, நல்ல பின்பக்கம் முன்னே தெரிய வைத்துக் கட்டினார். எண்பது வருடமாக யாரும் பார்க்காத முகம், அச்சு வைத்த மாதிரி இருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்றுமணல் மூன்று, கொஞ்சம் செங்கல் தூள். மெல்லிய பூச்சாக மூன்று தரம், நடுவில் நாள் விட்டு. ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெல்லக் காயவைத்தோம். மேலே பெயின்ட் இல்லை, சுண்ணாம்பு அடித்ததோடு சரி.

அது 2019. இப்போதும் ஒரு மூலையில் கொஞ்சம் உப்புப் பூக்கிறது. பூச்சுத்தான் உதிர்கிறது, கல் அப்படியே இருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

எங்கள் வீட்டில் வில்லங்கம் வேறு மாதிரி. பின்சுவரின் உச்சியில், பீலி உடைந்து தண்ணீர் ஒழுகிய இடத்தில், அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. காகம் போட்ட விதை. இரண்டு தரம் அம்மா கிள்ளி எறிந்தார். கிள்ளக் கிள்ள வேர் தடித்ததுதான் மிச்சம். மூன்றாவது வருடம் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

மேசன் பாஸ் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். அரசை வெட்டமாட்டேன், பாவம் என்றார். அவர் பௌத்தர், வற்புறுத்த எங்களுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வேர் போன வழியெல்லாம் கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம், கன்றை உயிரோடு எடுத்துச் சட்டியில் வைப்போம் என்று. ஒவ்வொரு கல்லிலும் வெண்கட்டியால் இலக்கம் போட்டு இறக்கினோம். பதினொரு வரிசை இறங்கியது. வேர் சுண்ணாம்புச் சாந்துக்குள் தலைமயிர் மாதிரிப் பின்னிக் கிடந்தது. ஒரு துண்டு வேர் உள்ளே விட்டாலும் திரும்ப முளைக்கும் என்று அரைநாள் குனிந்து பொறுக்கினார். கன்றை அவரே தன் ஊருக்குக் கொண்டு போனார்.

கல் உடையாமல் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் சாந்து மெதுவாக இருந்ததுதான். சீமெந்தில் கட்டியிருந்தால் பாதிக் கல் நொறுங்கியிருக்கும். வேலைக்குப் போகும் வழியில் தினமும் வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்க்கிறேன். 1757இல் கட்டி முடித்தது, சுவர் கிட்டத்தட்ட ஐந்தடி தடிப்பு. இன்றைய சீமெந்து உலகத்திலேயே இல்லாத காலம் அது. பீலியை மட்டும் வருடா வருடம் பாருங்கள்.

நுவரெலியாவில் பிறந்தது, கொழும்பில் வேலை

எங்கள் தாத்தா பாட்டி வீடு நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும், ஆனால் சுவருக்குள் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் நீடிக்காது. அங்கே சுவரைக் கெடுப்பது மழையும் மூடுபனியும் மலைச்சரிவும்தான். வெள்ளவத்தை மாதிரி மூன்று மாதம் காயவைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டின் பின்சுவர் மேட்டை ஒட்டி நிற்கிறது. வருடா வருடம் மண் சரிந்து சரிந்து ஜன்னல் அடிவரைக்கும் வந்துவிட்டது. உள்ளே அந்த அறையில் எப்போதும் ஈர வாடை. மாமா உள்பக்கம் இரண்டு தரம் சீமெந்து பூசிப் பார்த்தார், இரண்டும் பாளம் பாளமாக விழுந்தது. அப்புறம் நாங்கள் மூன்று பேர் ஒரு வாரம் நின்று, சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தோம். கான் வெட்டி, சரிவோடு தண்ணீர் ஓட விட்டோம். மேட்டுக்குத் தனியாகக் கல் அடுக்கினோம். சுவரில் கை வைக்கவேயில்லை. அந்த வருடமே பாட்டி அந்த அறையில் படுக்கத் தொடங்கினார்.

இன்னொன்று, குளிர் ஊரில் பழைய வீட்டுக்குப் புகைபோக்கி இருக்கும். அடுப்பை மூட்டுவதை நிறுத்தியதும் அதன் வழியே மழை இறங்கும். வாயை முழுசாக அடைத்துவிடாதீர்கள், காற்று போக வேண்டும். தகரத் தொப்பி போதும். நுவரெலியாவுக்குப் போனால் 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் கந்தோரை நின்று பாருங்கள். கூரை எவ்வளவு சரிவாக இறங்குகிறது என்று கவனியுங்கள்.

ஹமில்டனிலிருந்து

பம்பலப்பிட்டியில் வளர்ந்தவன், இப்போது கனடாவில் ஹமில்டனில் இருக்கிறேன். ஊரின் நடுவே நயாகரா மலைச்சரிவு ஓடுகிறது. இங்கே அதை மலை என்றே சொல்வார்கள். நாங்கள் வாங்கியது 1920களின் செங்கல் வீடு. முந்திய சொந்தக்காரர் கல் இடுக்குகளைச் சீமெந்தால் நிரப்பியிருந்தார். பார்க்க வடிவாக இருந்தது. நாங்கள் வந்து இரண்டாவது வசந்தத்தில் நடைபாதையில் சிவப்புத் தூளும் சில்லும் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால் செங்கல்லின் முகம் தட்டுத் தட்டாகக் கழன்றிருக்கிறது, சீமெந்து இடுக்கு மட்டும் எலும்பு மாதிரி முன்னுக்கு நிற்கிறது.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். இங்கே தொடர்ந்து கடுங்குளிராக இருக்கும் வாரங்களைவிட, பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள்தான் சுவருக்கு ஆபத்து. இடுக்கு வழியே வெளியேற வேண்டிய ஈரம் கல்லுக்குள் சிக்கி, அங்கேயே உறைந்து, கல்லை உள்ளிருந்தே தள்ளுகிறது. வெள்ளவத்தைச் சகோதரி எழுதியதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இங்கே பனி செய்யும் வேலையைத்தான் அங்கே உப்பு செய்கிறது. அதுவும் கல்லுக்குள் பளிங்காகி அதைத் தள்ளுகிறது.

திருத்த வந்தவர் அரவை இயந்திரத்தை மிக அளவாகத்தான் தொட்டார். இடுக்கின் நடுவில் ஒரு கோடு வெட்டிவிட்டு மீதியை உளியால் எடுத்தார். இயந்திரம் கல்லின் ஓரத்தில் பட்டால் அந்தத் தழும்பு போகாது. ஓரங்குல ஆழத்துக்குச் சுத்தம் செய்து, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை அடைத்தார். செப்டெம்பர் நடுவிலேயே முடித்துவிட்டார். 5 பாகைக்குக் கீழே போனால் சாந்து சரியாக இறுகாது, இறுக முதல் உறைந்தால் முழுதும் வீண். மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். விடாதீர்கள். சூளையில் சுட்ட கடினமான மேல்தோல் போனால் அந்தக் கல் நனைந்த பஞ்சுதான்.

பம்பலப்பிட்டி

எங்கள் பக்கத்துக் காணியில் அடுக்குமாடிக்கு அத்திவாரக் குத்திகள் இறக்கியபோது சமையலறைச் சுவர் வெடித்தது. வெடிப்பு முன்பே இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் படம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பலகை நட்டவுடனேயே திகதியோடு எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினால், சுவர் இன்னும் அசைகிறது என்றால் கண்ணாடி உடைந்து காட்டும். எங்களுடையது எட்டு மாதமாக உடையவில்லை. அதற்குப் பிறகுதான் திருத்தினோம்.

கடற்கரை ஒழுங்கை, வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. ஹமில்டன் தம்பி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தரம் கேட்டார்.

சுண்ணாம்பு எங்கே எடுத்தது என்று தனிப்பட்ட முறையில் சிலர் கேட்டிருந்தீர்கள். முன்பு தென்கரையில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் கொழும்புக்கு வந்தது. கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை, அதைத் தேடிப் போகாதீர்கள். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. பை பழசாகிக் கட்டிபட்டிருந்தால் வாங்க வேண்டாம், அது காற்றுப் பட்டுச் செத்த சுண்ணாம்பு. மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிற்கும்படி ஊறவைத்து, குறைந்தது சில வாரம் விட்டு எடுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரையும் கிளற விடாதீர்கள். மணலும் கவனம். கழுவாத கடல் மணலைப் பூசினால் உப்பை நாமே சுவருக்குள் வைக்கிறோம்.

பின்னறைச் சுவரை வரும் ஜனவரியில் தொடங்குகிறோம். மேசனுக்கு முழங்கால் நோ, தன் பேரனைக் கூட்டிவந்து பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு இப்போதே பீப்பாயில் ஊறுகிறது. மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று அப்பா காலையில் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறார்.