பாட்டியை எந்த வழியாகக் கூட்டி வருவது?

சித்தி: நாளை காலையில் பாட்டியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இடுப்புத் தையல் இன்னும் ஆறவில்லை, வண்டி குலுங்கவே கூடாது என்கிறார் டாக்டர். எந்த வழியாக வருவது?

மாமா: பாலத்து வழி. பத்து நிமிஷம் மிச்சம்.

குட்டி: ஐயோ வேண்டாம். போன வாரம் அங்கேதான் என் பைக் ரிம் வளைந்தது. டயரும் போச்சு.

சித்தப்பா: அந்தக் குழியை இன்னும் மூடவில்லையா?

பெரியப்பா: மூடினார்கள். மழைக்கு நடுவில், தேங்கிய தண்ணீரை இறைக்காமலே மூடினார்கள். அது எப்படி நிற்கும்? முதலில் தாரில் வெடிப்பு விழும். அது வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கிற ஜல்லி இளகிவிடும். அப்புறம் சக்கரம் ஏற ஏற மேலே உள்ள தார் பெயர்ந்து குழியாகும். வெடிப்பாக இருக்கும்போதே அடைத்தால் சின்னச் செலவு. விட்டுவிட்டால் அடிவரை தோண்டிப் புதிதாகப் போட வேண்டும். வேலையில் இருந்தவரை இதைத்தான் எழுதி எழுதி அனுப்பினேன்.

சித்தி: சரி அத்தான், எந்த வழி?

பாப்பா: லாரிகளால்தானே பெரியப்பா கெட்டுப்போகிறது?

பெரியப்பா: பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே சாலை போட்டு லாரிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு.

மாமா: அப்போ என் கார் மேல் பழி இல்லை.

அத்தை: நீங்கள்தான் பெட்ரோலே போடுவதில்லையே. சாலைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

மாமா: மின்சாரக் கார் வாங்கச் சொன்னதே நீ.

பெரியப்பா: அவள் கேட்டது நியாயம். பல நாடுகளில் எரிபொருள் வரிதான் சாலைக்குப் போகிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து ஒரு கேலன் பெட்ரோலுக்கு 18.4 சென்ட்தான். தார், ஜல்லி, கூலி எல்லாம் ஏறிவிட்டது, வரி அப்படியே நிற்கிறது. புதுச் சாலை திறக்க எல்லாரும் வருகிறார்கள், பராமரிப்புக்குப் பணம் கேட்டால் ஆளே இல்லை. கடைசியில் குட்டி ரிம்முக்கும் டயருக்கும் கொடுக்கிறான்.

சித்தப்பா: என் வண்டி அச்சு முறிந்தபோது, "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்றது யார் அண்ணா?

பெரியப்பா: நான்தான். அது தப்பு.

சித்தி: பாட்டி!!

அத்தை: ஆற்றங்கரை வழியாக வரட்டும். சுற்றுதான், ஆனால் தார் நன்றாக இருக்கிறது.

மாமா: அங்கே ஏழு வேகத்தடை.

குட்டி: எட்டு.

பெரியப்பா: தெரிந்த வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கலாம். தண்ணீர் நிற்கிற குழியில்தான் ஆழம் தெரியாது.

சித்தப்பா: என் வண்டியில் வரட்டும். உயரம், தரை தட்டாது.

அத்தை: போன தடவை கேட்டபோது மட்டும் சர்வீஸில் இருந்ததே.

சித்தப்பா: நிஜமாகவே சர்வீஸில்தான் இருந்தது.

சித்தி: யார் வண்டியானாலும் சரி, ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருங்கள்.

பாப்பா: பாட்டி முன் சீட்டில்தான் உட்காருவாராம்.

மாமா: இரவே இரண்டு வழியிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.