புதுப்பிப்பு: ஆழமான சோபா வந்தாச்சு

சம்மணம் போட்டுப் படிக்க, மத்தியானம் அப்படியே சாய்ந்து தூங்க எந்த சோபா சரி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, கடைசியில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டோம்.

கடைக்காரர் சொல்லும் ஆழம் பெரும்பாலும் முன்விளிம்பிலிருந்து பின்சட்டம் வரைக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது முதுகு மெத்தை வரைக்கும் உள்ள தூரம், அதை டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். நான் பார்த்த கடைகளில் அது 22 அங்குலத்தைத் தாண்டவில்லை, சம்மணம் போட்டால் முட்டி வெளியே நிற்கிறது. எங்களுடையது 27. அருமையாக இருக்கிறது!

அம்மாவுக்கு மட்டும் முதுகு எட்டவில்லை, பின்னால் கெட்டியான திண்டு ஒன்று வைத்ததும் பாதம் தரையில் பதிகிறது. உட்காரும் இடத்தின் உயரம் 17 அங்குலம் என்பதால் எழுந்திருக்கவும் சிரமமில்லை.

ஃபோம் 40 டென்சிட்டி. டென்சிட்டி என்பது கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான், கெட்டித்தன்மை இல்லை, அதனால் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அப்புறம், சென்னை வெயிலுக்கு ரெக்சின் வேண்டவே வேண்டாம், வியர்வையில் ஒட்டும். ஜிப் வைத்த துணி உறை போடுங்கள், கழற்றித் துவைக்கலாம்.