எரேமியா ஏன் அந்த நிலத்தை வாங்கினார்? வாலிபர் வகுப்பில் வந்த கேள்வி

பாறசாலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ், படித்தது மலையாளம், சபையில் இரண்டும் ஓடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் வகுப்பு எடுக்கிறேன், இந்த மாதம் வேதாகமத் தீர்க்கதரிசிகள். ஆமோஸும் ஓசியாவும் பிரச்சினை இல்லாமல் போனார்கள். எரேமியா 32-ம் அதிகாரத்தில்தான் நின்றுவிட்டேன்.

பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது, யூதாவின் ராஜா சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியாவைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே அஞ்சு கிலோமீட்டர்தான், அதாவது மதிலுக்கு வெளியே, எதிரிப்படை நடமாடுகிற இடம். எரேமியா 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறார்.

பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "அக்கா, ஊர் விழும் விழும் என்று நாற்பது வருஷமாகச் சொன்னவர் அவர்தானே? அப்புறம் அவரே அங்கே நிலம் வாங்கினால், ஒன்று அவர் சொன்னதை அவரே நம்பவில்லை, இல்லாவிட்டால் அந்தப் பெரியப்பா மகன் அவரை ஏமாற்றிவிட்டான்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று முடித்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷனில் இதே அதிகாரத்தை எடுத்து ஒருவர் பேசினார். எரேமியா வெள்ளி கொடுத்தார், நிலம் கிடைத்தது, நீங்களும் கொடுங்கள், நிலமும் வீடும் வரும் என்றார். என் அம்மா கையில் கிடந்த ஒற்றை வளையலைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம் ஞாபகம் வரும். அதே பாடத்தை நான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆதாரமெழுத்து (களியக்காவிளை):

மக்களே, நான் முப்பத்தைந்து வருஷம் ஆதாரம், அதாவது நிலப்பத்திரம், எழுதிப் பிழைத்தவன். இந்த அதிகாரத்தை என் தொழில் கண்ணோடுதான் வாசிப்பேன். தமிழ் வேதாகமத்தில் கிரயப்பத்திரம் என்று இருக்கும். மலையாளத்தில் நம் ஊர்ச்சொல்லான ஆதாரம் என்றே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

ஏமாந்தவன் செய்கிற கிரயம் இப்படி இருக்காது. ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். அந்தக் காலத்து யூதாவில் நாணயம் புழங்கவில்லை, வெள்ளியை எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள். சேக்கல் என்பதே ஒரு எடை, 11 கிராம் சொச்சம், அப்போ 17 சேக்கல் என்றால் ஏறத்தாழ 190 கிராம் வெள்ளி. எல்லாம் முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் அத்தனைபேர் கண்முன்னால் நடக்கிறது. பிறகு தனக்கு எழுத்து வேலை பார்த்த நேரியாவின் மகன் பாருக்கிடம் இரண்டு பத்திரத்தைக் கொடுத்து, ஒன்று முத்திரையிட்டது, ஒன்று திறந்தது, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வை என்கிறார்.

ஒரே கிரயத்துக்கு எதற்கு இரண்டு என்று நானும் முதலில் யோசித்திருக்கிறேன். 1961-ல் சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் பத்திரக்கட்டு கிடைத்தது, எரேமியாவுக்கு எழுநூறு வருஷத்துக்குப் பிந்தியது. அதில் பல பத்திரங்கள் ஒரே தாளில் இரண்டு தடவை எழுதப்பட்டவை. மேற்பாதியைச் சுருட்டி நூலால் கட்டி வைத்திருப்பார்கள், கீழ்ப்பாதி வாசிக்கத் திறந்து கிடக்கும். யாராவது திறந்த பகுதியில் கைவைத்துத் திருத்தினால், நீதிபதிக்கு முன்னால் கட்டை அவிழ்த்து ஒத்துப்பார்க்கலாம். எரேமியாவின் இரண்டு பத்திரத்துக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். திறந்தது இன்றைக்கு, மூடினது வழக்கு வருகிற நாளைக்கு.

வழக்கு வருகிற நாள் ஒன்று உண்டு என்று நம்பினவன்தான் மூடின பிரதியை வைப்பான். நகரம் விழும் என்பதிலும் அவர் மாறவில்லை, விழுந்ததற்குப் பிறகு ஒரு நாள் இந்த தேசத்தில் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் கிரயமாகும் என்பதையும் சொல்கிறார். அந்தப் பையனுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே ஆள் சொன்ன ஒரே செய்தி.

என் வீட்டுக் கதை ஒன்று. தாத்தா எழுதி வாங்கின ஆதாரம் கொல்லம் 1119-ம் ஆண்டு, அதாவது 1943-44. சங்கு போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், மையெல்லாம் தவிட்டு நிறமாகிவிட்டது, மடித்த இடத்தில் பொடிகிறது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் வீடு இந்தப் பக்கம், 40 சென்ட் அந்தப் பக்கம். மகாராஜா போனார், ராஜ்யம் போனது, எல்லை வந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் அப்பா கரம் (நிலவரி) கட்டினார், நானும் கட்டுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

ஐயா பத்திரத்தைச் சொல்லிவிட்டார், நான் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இந்த அதிகாரத்தில் வலிக்கிற இடம் அதுதான்.

11-ம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். எரேமியாவைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள் யார்? ஆனதோத்துக்காரர்கள், அவர் பிறந்த ஊர். கர்த்தரின் பெயரால் பேசினால் எங்கள் கையால் சாவாய் என்றார்கள். 12-ல், உன் சகோதரரும் உன் தகப்பன் வீட்டாரும் உனக்குத் துரோகம் செய்தார்கள் என்று வருகிறது. அந்த ஊரிலிருந்து, அந்தக் குடும்பத்திலிருந்துதான் அனாமெயேல் வருகிறான். அவர்கள் சட்டப்படி நிலம் குடும்பத்தை விட்டுப் போகாமல் மீட்கும் உரிமை நெருங்கின உறவுக்காரனுக்கு உண்டு, லேவியராகமம் 25-ல் இருக்கிறது. உரிமை என்று சொன்னாலும் அது பாரம்தான். பேசாமல் இருந்த சொந்தம் கஷ்டம் வந்ததும் வாசலில் வந்து நிற்பது நமக்குத் தெரியாததா? என் அப்பாவும் அப்படி ஒரு நாள் தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டார், பத்து வருஷம் முகம் பார்க்காத தம்பிக்கு. அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம், தங்கச்சி, அந்தப் பையனுக்கு ஒன்று முக்கியமாகச் சொல்லுங்கள். அவன் கேட்ட கேள்வியை எரேமியாவே கேட்டிருக்கிறார். பத்திரம் பாருக் கைக்குப் போனபிறகு ஜெபம்பண்ணுகிறார், பெரிய ஜெபம், சிருஷ்டியில் தொடங்கி எகிப்து வழியாக வந்து, இதோ எதிரி எழுப்பின கொத்தளங்கள் (முற்றுகை மேடுகள்) நகரத்துக்குக் கிட்டே வந்துவிட்டன, ஆனால் நீர் நிலத்தை வாங்கு என்றீரே என்று நிற்கிறது. 25-ம் வசனம். பணம் கொடுத்துவிட்டார், ஆனால் புரிந்து கொடுக்கவில்லை. தீர்க்கதரிசி என்றால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்து உட்கார்ந்திருக்கிறவர் என்று நாம் நினைக்கிறோமே, அது தவறு. அனாமெயேல் வந்து நின்றபிறகுதான் இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று 8-ம் வசனத்தில் அவரே சொல்கிறார்.

இதே முற்றுகைக் காலத்தில்தான் அவரைச் சேறுள்ள துரவில் கயிறு கட்டி இறக்கினார்கள். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் வந்து தூக்கினான். வெறும் கயிறு அக்குளை அறுக்கும் என்று கந்தல் துணியைக் கீழே விட்டு, அதை அக்குளில் வைத்து அதற்குமேல் கயிற்றைப் போட்டுக்கொள் என்கிறான். சொந்த ஊர் கொல்லப் பார்த்தது, அந்நியன் கந்தல் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். அந்தக் கந்தலைப் படிக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும்.

லயத்துப்பிள்ளை (மூணாறு):

ஐயா, அக்கா இரண்டுபேரும் சொன்னது நல்லா இருக்கு. எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தேயிலையில் இருக்கிறது. எங்கள் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை, அதாவது தோட்டத்தில் கொடுத்த வரிசை வீட்டை, விடவேண்டும், அதனால்தான் பிள்ளைகளில் ஒருவரையாவது தோட்ட வேலையில் சேர்த்துவிடுவார்கள். ஆதாரம் என்ற தாளை என் அப்பா கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு இந்த அதிகாரத்தை மட்டும் வாசித்தால் பத்தாது.

தீர்க்கதரிசிகள் நிலத்தைப் பற்றிப் பேசினதில் பெரும்பகுதி கோபம். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஐயோ என்கிறார் ஏசாயா, 5-ம் அதிகாரம். வயல்களை இச்சித்துப் பறிக்கிறார்கள் என்கிறார் மீகா. அதற்கெல்லாம் முந்தி நாபோத்தின் கதை. இஸ்ரவேலின் ராஜா ஆகாப் அவனுடைய திராட்சத்தோட்டத்தைக் கேட்டான், பதிலுக்கு வேறு நல்ல தோட்டம், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்றான். பிதாக்களின் சுதந்தரம் (பரம்பரைச் சொத்து), கொடுக்கமாட்டேன் என்றான் நாபோத். ஆகாபின் மனைவி யேசபேல் ராஜாவின் பேரில் கடிதம் எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு, இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, அவனைக் கல்லெறிந்து கொன்றாள். தீர்க்கதரிசி எலியா அந்தத் தோட்டத்துக்கே போய் ஆகாபின் முகத்துக்கு நேரே கேட்டார், கொலை செய்ததும் அல்லாமல் எடுத்தும் கொண்டாயோ என்று.

பாருங்கள், அங்கேயும் எழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள். ஆதாரமெழுத்து ஐயா எரேமியாவில் காட்டின அத்தனையும் நாபோத்தின் ஊரான யெஸ்ரயேலில் ஒரு மனிதனைக் கொன்று நிலம் எடுக்கப் பயன்பட்டது. அதனால் எரேமியா முற்றத்தில் எல்லார் முன்னாலும் சரியான எடையில் வெள்ளி நிறுத்ததை நான் முறைப்படி செய்த காரியமாக மட்டும் பார்க்கவில்லை. பலவீனனிடமிருந்து பிடுங்கத் தெரிந்த தேசத்தில் ஒரு கிரயம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டினார்.

பாறசாலை அக்காவின் அம்மாவிடம் வளையல் வாங்கினவருக்கு இதைத்தான் சொல்லவேண்டும். எரேமியா கொடுத்த வெள்ளி எந்தப் பிரசங்கிக்கும் போகவில்லை. நிலம் விற்கிற சொந்தக்காரன் கையில் போனது.

39-ம் அதிகாரம் 10-ம் வசனத்தையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நகரம் விழுந்தபிறகு பாபிலோன் தளபதி நேபுசராதான், ஒன்றுமில்லாத ஏழைகளை யூதாவில் விட்டு, அவர்களுக்குத் திராட்சத்தோட்டமும் வயலும் கொடுத்தான். அந்த வசனத்தை எங்கள் லயத்தில் வாசித்தபோது ஒரு பாட்டி இன்னொருதரம் படி என்றார்.

பாறசாலைக்காரி:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லவேண்டும். மூணாறு அண்ணா, அந்த வெள்ளி யார் கைக்குப் போனது என்ற வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "அது சரிதானே" என்றார்.

ஐயா, ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்த நிலம் என்ன ஆனது? எரேமியா போய் அனுபவித்தாரா? பையன் கட்டாயம் கேட்பான்.

ஆதாரமெழுத்து (களியக்காவிளை):

இல்லை மக்களே. நகரம் அடுத்த வருஷமே விழுந்தது, எரிந்தது. பிறகு மீதியாக இருந்தவர்கள் எகிப்துக்கு ஓடினபோது அவரையும் பாருக்கையும் கூடவே கொண்டுபோனார்கள், தக்பானேஸ் வரைக்கும். ஆனதோத்துக்குத் திரும்பினதாக ஒரு வரியும் இல்லை. விதைக்கவில்லை, அறுக்கவில்லை.

அந்த நெருப்பைப் பற்றி ஒரு செய்தி. 1982-ல் எருசலேமில் தாவீதின் நகரம் என்கிற இடத்தைத் தோண்டினபோது ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை ஒட்டியிருந்த பத்திரங்கள் எல்லாம் எரிந்துபோய்விட்டன, ஆனால் அதே நெருப்பில் களிமண் சுட்டுக் கெட்டியாகி நின்றுவிட்டது. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்ற பெயர். எரேமியா 36-ல் பாருக் எரேமியாவின் சுருளை வாசித்த அறையின் சொந்தக்காரருக்கும் அதே பெயர், அதே தகப்பன்.

நிலத்துக்கு வருகிறேன். பெர்சியாவின் கோரேஸ் ராஜா கட்டளையிட்டு, பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பட்டியல் எஸ்றா 2-ல் இருக்கிறது, ஊர் ஊராக எண்ணிக்கை, யாரும் வாசிக்காமல் தாண்டிப்போகிற அதிகாரம். 23-ம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

வகுப்புக்கு ஒரு யோசனை. ஒரு சின்ன மண்கலயம் வாங்குங்கள். அந்தப் பையன் கையாலேயே இரண்டு தாளில் கிரயம் எழுதச் சொல்லுங்கள். ஒன்றைச் சுருட்டி நூலால் கட்டுங்கள், இன்னொன்றைத் திறந்து வையுங்கள். சாட்சிக்கு நாலு பேர் கையெழுத்துப் போடவேண்டும். போடுவதற்கு முன்னால் முழுதும் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வாசிக்காமல் யாரும் போடக்கூடாது.